கடல் விழுங்கியது, புகை மறைத்தது

இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை சொல்லும் கணக்கு இது. கேட்பவருக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே இதைவிடப் பல மடங்கு ஏறிவிடுகிறது. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலைப் பார்த்துப் பழகியவர்கள், "முக்கால் டிகிரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

எண் சரிதான். ஆனால் அது மொத்தக் கணக்கு இல்லை. பூமியில் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் காற்றுக்கு வரவே இல்லை, கடல் விழுங்கிவிட்டது. காற்றுக்கு வந்திருக்க வேண்டிய சூட்டிலும் ஒரு பங்கை நம் தலைக்கு மேல் மிதக்கும் புகை தடுத்து வைத்திருக்கிறது. இரண்டும் போக மிஞ்சியதைத்தான் தெர்மாமீட்டர் காட்டுகிறது. காலநிலை மாற்றம் பற்றிய நம் பேச்சு வெயிலோடு நின்றுவிடுவதால் கடலும் புகையும் கணக்கில் வருவதே இல்லை.

சரி, அடிப்படையிலிருந்து தொடங்கலாம். சூரிய ஒளியில் பெரும்பகுதி காற்றைத் தாண்டி வந்து நிலத்தையும் நீரையும் சூடாக்குகிறது. சூடான எந்தப் பொருளும் அந்தச் சூட்டை வெளியே விடும். பூமி அதைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக விடுகிறது. காற்றில் ஏறக்குறைய 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். இவை இரண்டும் அகச்சிவப்பைக் கண்டுகொள்வதில்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற சில வாயுக்கள் மட்டும் அதை உறிஞ்சி, எல்லாத் திசைகளிலும் திருப்பி விடுகின்றன. ஒரு பகுதி கீழே வந்து சேர்கிறது. இந்த ஏற்பாடே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி அளவில் இருந்திருக்கும். இருப்பதால்தான் 15 டிகிரியில் உயிர்கள் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் போனால் போதும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்து, காற்றும் வறண்டிருக்கும் இரவுகளில்தான் தலைகுந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். மேகமூட்டம் வந்துவிட்டால் அன்றைக்கு உறைபனி கிடையாது. பகல் வெயில் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். இரவில் தரை விடும் சூடு மேலே தப்பியதா, மேகமும் ஈரமும் அதைப் பிடித்து வைத்தனவா என்பதுதான் வித்தியாசம்.

"அப்படியானால் நீராவிதான் பெரிய ஆள், கார்பன் டை ஆக்சைடை ஏன் திட்டுகிறீர்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அளவில் நீராவிதான் அதிக வெப்பத்தைப் பிடிக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் காற்றில் எவ்வளவு நீராவி தங்கலாம் என்பதைக் காற்றின் சூடு தீர்மானிக்கிறது. கூடினால் பத்து நாளுக்குள் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படி இறங்குவதில்லை. ஒருமுறை ஏற்றிவிட்டால் அதில் ஒரு பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். அது கொஞ்சம் சூடேற்ற, அந்தச் சூட்டில் நீராவி கூடுகிறது. கூடிய நீராவி இன்னும் சூடேற்றுகிறது. ஆரம்பித்து வைப்பது கார்பன், பெருக்குவது நீராவி.

பள்ளிப் புத்தகங்கள் இதற்கு மேல் போவதில்லை. இன்னும் ஒரு படி சொல்ல வேண்டும். பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்புவது தரையிலிருந்து நேராக அல்ல. பெரும்பாலும் பல கிலோமீட்டர் உயரத்தில், வாயுக்கள் மெலிந்துபோகும் மட்டத்திலிருந்துதான். கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட இந்த மட்டம் மேலே நகர்கிறது. மேலே குளிர் அதிகம், குளிர்ந்த காற்று விடும் வெப்பமோ குறைவு. சூரியனிடமிருந்து வருவது மாறவில்லை, வெளியே போவது குறைந்துவிட்டது. இந்த இடைவெளி 2006 முதல் 2018 வரையான ஆண்டுகளில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.8 வாட். ஒரு சின்ன எல்இடி விளக்குக்குக்கூடப் போதாது. பூமியின் பரப்பு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால், உலகில் மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் ஆற்றலைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. இரவும் பகலும், ஆண்டு முழுவதும்.

இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடாவதை அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856-ல் எழுதினார். அது அகச்சிவப்பை உறிஞ்சுவதை ஜான் டிண்டால் 1859-ல் அளந்தார். காற்றில் அது இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று ஸ்வீடனின் ஸ்வாந்தே அரேனியஸ் 1896-ல் கையாலேயே கணக்குப் போட்டார். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 280. அண்டார்டிகா பனிக்கட்டிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளைச் சோதித்ததில், கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் அது ஒருபோதும் 300-ஐத் தாண்டிப் போகவில்லை என்று தெரிகிறது.

கூடியது மனிதன் எரித்ததால்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? கார்பனிலேயே முத்திரை இருக்கிறது. உயிருள்ளவற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை கொஞ்சம் இருக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை என்பதால் அவற்றில் அது முற்றிலும் அழிந்துவிட்டது. காற்றில் இந்தப் பழைய கார்பனின் பங்கு ஏறிக்கொண்டே வருவதை அளந்திருக்கிறார்கள். சூரியன்தான் காரணம் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. சூரியன் கூடுதலாகக் காய்ந்திருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாகியிருக்க வேண்டும். நடந்திருப்பது வேறு: கீழடுக்கு சூடாகிறது, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற மேலடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரியனை அளந்துவருகின்றன. அதன் வீச்சில் ஏறுமுகம் எதுவும் இல்லை.

கார்பனோடு கதை முடியவில்லை என்று காட்டியவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி தயாரிக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து வாயு கசிவதை நிறுத்த வழி பார்ப்பது அவர் வேலை. பின்னாளில் அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, அதே குளோரோஃப்ளூரோ கார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளின் வேலையைச் செய்யும் என்று 1975-ல் கண்டுபிடித்தார். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தொல்லை கொடுத்த வாயுவையே உலக அளவில் குற்றவாளியாக நிறுத்திய மனிதர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. புகைக் கதையில் அவர் மறுபடி வருவார்.

முதலில் கடல்.

கூடுதல் வெப்பம் எங்கே போனது என்ற கணக்கை ஐநாவின் காலநிலைக் குழு 2021 அறிக்கையில் போட்டுக் காட்டியது. கடலுக்கு 91 சதவீதம், நிலத்துக்கு 5, பனி உருகியதில் 3, காற்றுக்கு 1. நாம் ஓயாமல் பேசும் காற்றின் வெப்பநிலை அந்த ஒரு சதவீதத்தின் விளைவு. இதற்குக் காரணம் தண்ணீரின் குணம். கடலின் மேல் மூன்று மீட்டர் நீர், வளிமண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தை வாங்கிக்கொண்டு தானும் ஒரு டிகிரிதான் ஏறும். அதற்குக் கீழே இன்னும் ஆயிரக்கணக்கான மீட்டர் இருக்கிறது.

இதை அளப்பது லேசான வேலை இல்லை. ஆர்கோ எனப்படும் மிதவைகள் ஏறக்குறைய 4,000 உலகக் கடல்களில் அலைகின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, ஏறி வரும் வழியெல்லாம் சூட்டையும் உப்பையும் அளந்து, மேலே தலை காட்டியதும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். இந்தியாவின் பங்கை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கவனிக்கிறது. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் நங்கூரம் போட்டு நிறுத்திய மிதவைகள் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பு. இந்த நங்கூர மிதவைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடலில் எது அசையாமல் மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும், படகை மிதவையில் கட்டுவார்கள், கருவி உடையும். சேதமான மிதவை நாளைய புயல் எச்சரிக்கையில் விழும் ஓட்டை என்று மீனவ ஊர்களுக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கிறார்கள். மீனவரையும் குறை சொல்ல முடியாது, மீன் அங்கேதான் இருக்கிறது.

இப்படி அளந்ததில் தெரிந்தது: வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் சராசரியாக 1 டிகிரி ஏறியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி அதே காலத்தில் 0.7 டிகிரிதான். உலகம் முழுவதும் நிலம்தான் கடலைவிட வேகமாகச் சூடாகிறது என்பது பொதுவிதி. இங்கே கடல் 65 ஆண்டில் 1 டிகிரி, நாட்டின் நிலப்பரப்பு 118 ஆண்டில் 0.7 டிகிரி. காலம் வேறு வேறு என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஏதோ இடிக்கிறது. புகைப் பகுதியில் இதற்கு விடை வரும்.

சூடான நீர் விரியும். 1971-லிருந்து உலகக் கடல்மட்டம் உயர்ந்ததில் ஏறக்குறைய பாதிக்கு இந்த விரிவே காரணம்; மற்றது பெரும்பாலும் மலைப்பனியும் துருவப்பனியும் உருகி வந்தது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அலையின் உயரத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலம் கடல்மட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றும்போது உப்புநீர் வாய்க்கால் வழியாக உள்ளே ஏறுகிறது. கீழேயிருந்து ஆழ்துளைக் கிணறுகள் அதை இழுக்கின்றன. அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்வதால் டெல்டா தன்னைத் தானே மேடாக்கிக்கொள்ளவும் முடியவில்லை. நான்கில் ஒன்றுதான் காலநிலை மாற்றம். மற்ற மூன்றும் உள்ளூர்க் கைவேலை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு மூழ்கிவிட்டதைக் கடல்மட்ட உயர்வுக்கு உதாரணமாக மேடையில் அடிக்கடி சொல்வார்கள். சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் அவை மூழ்க முதற்காரணம். நல்ல வாதத்துக்குத் தப்பான உதாரணம் சேர்த்தால், எதிரிக்கு வேலை மிச்சம். அந்த வளைகுடாவுக்கே உரிய உண்மையான உதாரணம் இருக்கிறது: கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டிப் பல வாரம் நீடித்தால் பவள உயிரி தனக்குள் குடியிருந்து சோறுபோடும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் அங்கே பெருமளவில் இது நடந்தது. வெளுத்தவற்றில் ஒரு பகுதி மீளவே இல்லை. மீன்களும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் மலையாளக்கரைக்கே சொந்தம் என்றிருந்த மத்தி, 1990-களிலிருந்து கிழக்குக் கரையிலும் வலை நிறையக் கிடைக்கிறது. எல்லா மாற்றமும் நட்டமாகவே வருவதில்லை.

மழைக்கு வருவோம். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். இது கணினியில் போட்டுப் பார்த்த ஆரூடம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி நகராமல் நின்றது. அது புயலும் அல்ல, பெயரும் இல்லை. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு முழு ஆண்டில் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகம். திருச்செந்தூரில் 69. தாமிரபரணி கரையை மீறியது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கடியில் மண் அரித்துப்போய், சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது.

இந்த 95-ல் வெப்பமயமாதலின் பங்கு எவ்வளவு? அந்த ஒரு மழையை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் 7 சதவீதக் கணக்கை மட்டும் வைத்து, ஒரு டிகிரி ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 89 பெய்திருக்க வேண்டிய இடத்தில் 95 பெய்கிறது. ஆறு சென்டிமீட்டர்தானே? ஒரு சதுர கிலோமீட்டரில் ஆறு சென்டிமீட்டர் என்பது ஆறு கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 5,000 நடை. மழைப்பகுதியோ பல நூறு சதுர கிலோமீட்டர். ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்த குளத்துக்கு வருகிற தண்ணீர் இது. கரை தாங்குவதும் உடைவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி சில சென்டிமீட்டரில்தான் முடிவாகிறது.

அதேபோலத்தான் புயலும். சூடான கடல் புயலுக்குத் தீனி. அடுத்தடுத்துப் புயல் வருவதைவிடக் கவலை தருவது, வந்த புயல் சட்டென்று வலுப்பெறுவது. 2017 நவம்பர் கடைசியில் குமரிக்கு அருகே உருவான தாழ்வு மண்டலம் ஒரே நாளில் ஒக்கிப் புயலானது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். தங்கல் தொழிலுக்குப் போனவர்களுக்கு ஒருநாள் முன்னறிவிப்பு கரையைத் தொடப் போதாது. எச்சரிக்கை போய்ச் சேர்வதிலும் குளறுபடிகள் இருந்தன. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

இனி புகை.

நிலக்கரி எரிந்தால் கார்பன் டை ஆக்சைடோடு கந்தக டை ஆக்சைடும் வரும். அது காற்றில் சல்பேட் துகள்களாக மாறி, வரும் சூரிய ஒளியில் கொஞ்சத்தை வெளியே திருப்பிவிடுகிறது. அதாவது ஒரே புகைபோக்கியிலிருந்து சூடாக்குவதும் வருகிறது, குளிர்விப்பதும் வருகிறது. ஐநா குழுவின் அதே 2021 அறிக்கை இந்த வரவு செலவைப் பிரித்துக் காட்டியது: மனிதர்களால் 2010-களில் ஏற்பட்டிருந்த மொத்த வெப்ப உயர்வு 1.07 டிகிரி, ஆனால் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்று வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுங்குடில் வாயுக்கள் மட்டும் தனியாக இருந்திருந்தால் 1 முதல் 2 டிகிரிவரை ஏறியிருக்கும், துகள்கள் அதில் 0.8 டிகிரிவரை மறைத்திருக்கக்கூடும். கரித்துகள் மட்டும் கட்சி மாறி, ஒளியை உறிஞ்சித் தானே சூடாகும். விறகடுப்பு, டீசல், வைக்கோல் எரிப்பு எல்லாம் இரண்டு வகையையும் கலந்தே அனுப்புகின்றன.

இந்தப் புகை எவ்வளவு பெரியது என்று 1999-ல்தான் உலகுக்கு உறைத்தது. ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்ஸனும் தலைமை தாங்கிய ஒரு பன்னாட்டு ஆய்வு, விமானங்களையும் கப்பல்களையும் கொண்டு வட இந்தியப் பெருங்கடலை அலசியது. மாசில்லாத கடற்காற்றை எதிர்பார்த்த இடத்தில் சுமார் மூன்று கிலோமீட்டர் தடிமனில் பழுப்பு மூட்டம் கிடந்தது. தெற்காசியாவின் அடுப்பும் ஆலையும் வாகனமும் சேர்ந்து அனுப்பிய மூட்டம். கடலைத் தொடும் சூரிய ஒளியையே அது கணிசமாகக் குறைத்திருந்தது. கடல் ஏறிய அளவுக்கு நிலம் ஏறவில்லையே என்று மேலே இடித்த கேள்விக்கு விடையில் பெரும்பங்கு இதுதான். மூட்டம் மிகத் தடிமனாக இருப்பது வடக்கே கங்கைச் சமவெளியில். அங்கே கோடி கோடி ஏக்கர் பாசனமும் ஆவியாகி நிலத்தைக் கொஞ்சம் குளிர்விக்கிறது.

சென்னை 2015 வெள்ளத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று அந்த மழையை ஆராய்ந்து மறு ஆண்டே முடிவை வெளியிட்டது. புவி வெப்பமயமாதலின் தடயம் தென்படவில்லை என்றார்கள். சந்தேகப் பேர்வழிகளுக்கு இது கொண்டாட்டம். ஆனால் அவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை: பசுங்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை காற்றிலுள்ள துகள்கள் ஈடுகட்டி வந்திருப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதும் அதே முடிவில் இருக்கிறது. அந்த ஆண்டு, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் பலமாக இருந்தது, அது வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும்.

அந்த வெள்ளத்தில் ஊர் மூழ்கியதற்கு மழையைவிடப் பெரிய காரணங்கள் தரையில் இருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியை நிர்வகித்த விதத்தைத் தணிக்கைத் துறையே குறை சொன்னது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே கட்டடமும் குப்பைமேடுமாகியிருந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் "காலநிலை மாற்றம்" என்று சொல்லிவிட்டு நகர்வது ஆட்சியில் இருப்பவர்களுக்கு வசதியாகிவிட்டது. அந்தச் சொல் உண்மையாக இருப்பதாலேயே அதை வடிகாலுக்குப் பதிலாகப் பயன்படுத்த முடிகிறது.

புகையின் ஆயுள் மிகக் குறைவு. ஒன்றிரண்டு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். 2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கிச் சில நாளிலேயே ஜலந்தர் நகர மொட்டைமாடிகளிலிருந்து இமயத்தின் தௌலாதார் தொடர் தெரிந்தது. மூட்டம் விலக அவ்வளவு நாள்தான் ஆகிறது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் இருக்கும். அதனால் புகைபோக்கியை இன்றைக்கே மூடினாலும் முதலில் மறைவது குளிர்ச்சி, தங்குவது சூடு. சீனா கடந்த பதினைந்து ஆண்டுகளில் தன் கந்தகப் புகையைப் பெருமளவு குறைத்துவிட்டது. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவு 2020 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2024-ல் உலகச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.55 டிகிரி கூடி, அதுவரை பதிவானதிலேயே சூடான ஆண்டானது. எல் நினோவுக்கு அதில் பங்குண்டு, விலகும் புகைக்கும் பங்குண்டு என்று கருதுகிறார்கள். எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது.

அதற்காகப் புகையை வைத்துக்கொள்ளலாமா? அனல்மின் நிலையக் கந்தகத்தை வடிகட்டும் கருவி பொருத்தவேண்டும் என்று இந்தியா 2015-ல் விதி போட்டது. கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். புகை வெப்பத்தை மறைக்கிறது என்ற வாதம் அப்போது சிலர் வாயில் வந்தது. எண்ணூரில் குடியிருப்பவரின் நுரையீரலைக் கொடுத்து மற்றவர்களுக்கு வாங்கும் நிழல் அது. இந்த வியாபாரத்தை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது என்பது என் எண்ணம்.

வெப்பத்தின் பாரமும் எல்லோர்மீதும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடலோரக் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அதனால் ராஜஸ்தானத்தின் 45 டிகிரியைவிடத் தூத்துக்குடி உப்பளத்தின் 37 டிகிரி சில நாட்களில் மோசம். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வுகளில் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது தெரியவந்திருக்கிறது. ஒதுங்கிப்போக மறைவான கழிப்பிடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்களை எந்த வெப்பநிலை வரைபடமும் காட்டாது. அவர்கள் எரித்த கார்பனோ மிகச் சொற்பம். சராசரி இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குப் பொறுப்பு, சராசரி அமெரிக்கர் 14 டன் அளவுக்கு. இதுவரை சேர்ந்ததில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவினுடையது.

புகை விலகும்போது வெளிப்படும் சூட்டை எதைக் கொண்டு சமாளிப்பது? கார்பன் டை ஆக்சைடைக் குறைப்பது கட்டாயம், ஆனால் பலன் தெரிய நாளாகும். வேகமாகப் பலன் தருவது மீத்தேன். காற்றில் அதன் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு அளவுதான். இருக்கும் காலத்திலோ, இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றும். எரிவாயுக் குழாய்க் கசிவு, குப்பைமேடு, கால்நடை, நெல்வயல் எல்லாம் அதற்குப் பிறப்பிடம். முதலில் அடைக்க வேண்டியது குழாய்க் கசிவையும் குப்பைமேட்டையும். மாட்டையும் நெல்லையும் முன்னால் நிறுத்துவது பணக்கார நாடுகளுக்குப் பிடித்த வரிசை. ஆனால் நெல்லில் செய்யக்கூடியதும் இருக்கிறது.

வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. அங்கே மட்டும் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளை மீத்தேனாக்க, அது நெல் தண்டின் காற்றறைகள் வழியாகவே வெளியே வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் பாதிவரை குறையும், தண்ணீரும் மிச்சம், மகசூலும் பெரிதாக அடிபடுவதில்லை. ஓட்டை போட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் நட்டு, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். சம்பாவில் இது நடக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடைமடை வயலை யாரும் காயவைக்க முடியாது. பம்புசெட் வைத்துக் குறுவை போடுபவர்களால் முடியும். ஆனால் மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுவதில் அவர்களுக்குக் காசு மிச்சமில்லை. களை கூடுதலாக முளைத்தால் ஆள்கூலிதான் ஏறும். குறைத்த மீத்தேனுக்கு, உமிழ்வுக் குறைப்பை வாங்கி விற்கும் கார்பன் சந்தையில் விலை வாங்கித் தருவதாகச் சில நிறுவனங்கள் கிராமங்களுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. குழாயை யார் அளப்பது, விலையில் விவசாயிக்கு எவ்வளவு என்ற பேரம் இனிமேல்தான்.